கடைசி ஆள் வரும் வரை

தோர்னா பள்ளத்தாக்கில் தூலியோவின் கோபத்தைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பஸ் ஓட்டிய காலத்தில், ஆப்பிள் தோலை ஜன்னல் வழியாகத் துப்பிய ஒரு வாத்தியாரை நடுமலையில் இறக்கிவிட்டுப் போனவர் அவர். மறுநாள் அதே வாத்தியாரை அதே இடத்தில் ஏற்றிக்கொண்டார். ஆனால் பேச்சு கிடையாது. ஓய்வு பெறும் வரை கிடையாது. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவர்கள் உலகத்தில் ஏராளம். வந்த கோபத்தை வாடகைகூட வாங்காமல் குடிவைத்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம்தான். தூலியோ அந்தக் கொஞ்சத்தில் ஒருவர்.

அப்படிப்பட்ட மனிதருக்கும் ஒரு நண்பன் இருந்தான். ஒரே ஒருவன். பெயர் ரெமீஜோ. மலைக்கு அந்தப் பக்கம், பிசாக்கா பள்ளத்தாக்கில், மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவன். காக்கை பறந்தால் பக்கம்தான். பஸ்ஸில் போனால் ஆற்றோடு கீழே இறங்கி, ஊரெல்லாம் சுற்றி, மறுபடி ஏறி, அரை நாள் காலி. அந்த பஸ்ஸையே ஓட்டியவருக்கு இது தெரியாதா? அதனால் இவர் அவன் வீட்டுக்குப் போனதில்லை, அவன் இவர் வீட்டுக்கு வந்ததில்லை. மலைமேல்தான் சந்திப்பார்கள்.

முதல் சந்திப்பே அப்படித்தான் நடந்தது. செம்மறி ஆடுகூட யோசித்து ஏறும் ஒரு சரிவில், சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு தூலியோ ஏறிக்கொண்டிருந்தார். பாதை தீர்ந்த இடத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்து போகிறவன் சாதாரண ஆள். சைக்கிளையும் சுமந்துகொண்டு போகிறவனுக்கு மறை கழன்றிருக்க வேண்டும். தனக்கு மட்டும்தான் கழன்றிருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். கணவாயின் உச்சிக்குப் போய்ப் பார்த்தால் அங்கே இன்னொரு ஆள், இன்னொரு சைக்கிள். சின்ன அடுப்பில் காபிக் கெண்டி சீறிக்கொண்டிருந்தது.

"ஏன்யா, நீ சைக்கிளை ஓட்டுறியா, இல்ல சைக்கிள் உன்னை ஓட்டுதா?" என்றான் அந்த ஆள்.

"உன்னுது மட்டும் பறந்தா வந்துச்சு?"

"என் தோள்லதான் வந்துச்சு. ஆனா நான் உன்ன மாதிரி எருமை மூச்சு விடல."

தூலியோவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரிப்பு வந்தது. அவருக்கே ஆச்சரியம்தான்.

அந்த மலைத்தொடரில் கணவாய் என்று சொல்லத்தக்க பள்ளங்கள் நிறைய. சிலவற்றில் ரோடு போகிறது, சிலவற்றில் பழைய ராணுவக் கழுதைப்பாதை, சிலவற்றில் ஆட்டுத்தடம்கூடக் கிடையாது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது என்று இரண்டு பேரும் அன்றைக்கே கை குலுக்கிக்கொண்டார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள், அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டம் மட்டும் போட்டார்கள். போட்டது தூலியோ. ஞாயிற்றுக்கிழமை அவரவர் பக்கத்திலிருந்து, ஓட்ட முடிகிற வரை ஓட்டி, பிறகு சுமந்து ஏற வேண்டும். முதலில் வருகிறவன் காத்திருக்க வேண்டும். கடைசி ஆள் வரும் வரை யாரும் இறங்கக் கூடாது, மழையோ பனியோ. இரண்டு பேரும் சந்தித்தால்தான் அந்தக் கணவாய் கணக்கில் சேரும்.

இன்னொரு வழக்கமும் தானாக ஒட்டிக்கொண்டது. வேர்வையில் நனைந்த மார்போடு இறக்கத்தில் போனால் காற்று அறைந்து ஒரு வாரம் இருமல்தான். அதற்காக அந்தப் பக்கத்து சைக்கிள்காரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள். இவர்கள் இருவரும் தங்கள் பள்ளத்தாக்கின் வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். தூலியோ பிசாக்கா பத்திரிகையை நெஞ்சில் கட்டிக்கொண்டு இறங்குவார். வீட்டுக்கு வந்ததும் அதை அடுப்பருகே காயவைத்து, வாரம் முழுக்க வரி விடாமல் படிப்பார். பிசாக்காவில் யார் வீட்டுப் பசு ஆற்றில் விழுந்தது, எந்தப் பாதிரியார் மாற்றலாகிப் போனார் என்பதெல்லாம் அத்துப்படி. தன் ஊர்ச் செய்தி அவ்வளவு தெரியாது.

"உங்க ஊர்ல கழுதைங்கதான் ஜாஸ்தின்னு நினைச்சேன். பேப்பர் படிக்கிற ஜனமும் இருக்கா?" என்பான் ரெமீஜோ.

"படிச்சுட்டுத்தான் உங்க ஊர் முட்டாளுங்களுக்கு அனுப்பி வைக்கிறோம்."

தூலியோவின் வீட்டில் பேச ஆள் கிடையாது. மனைவி விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மகன் பெல்ஜியத்தில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டு, அங்கே பனி பெய்கிறதா என்று கேட்பான். வாரத்தில் ஆறு நாள் வாயை மூடிவைத்திருந்து ஏழாம் நாள் மலையில் போய்த் திறக்கிற மனிதர் அவர். ரெமீஜோ ஒவ்வொரு கணவாயிலிருந்தும் தன் பக்கம் கையைக் காட்டுவான். "அதோ பாரு, சர்ச் கோபுரத்துக்கு இடது பக்கம், பச்சைத் தகரக் கூரை, அதான் என் வீடு. ஒரு நாளாவது இறங்கி வாயேன், சோளமாவுல சுடச்சுடப் பொலெந்தா கிண்டி வைக்கிறேன்."

"இறங்கினா மறுபடி எவன் ஏறுறது? உங்கப்பனா?"

இப்படியே ஒவ்வொரு பள்ளமாகத் தீர்ந்து, கடைசியில் வெர்சா கணவாய் ஒன்றுதான் மிச்சம் நின்றது. போன செப்டம்பரில் அதற்கு நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு மூடுபனி. தூலியோ ஏறிப் போனபோது உச்சியில் யாரும் இல்லை. சரி, இன்றைக்கு நான் முதல் ஆள் என்று குஷியாக உட்கார்ந்தார். கொண்டுவந்த பாலாடைக்கட்டியை இரண்டாக வெட்டி வைத்தார். ரெமீஜோ வரவில்லை. எழுந்து நின்று கூப்பிட்டார். காற்று அவர் குரலை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. ஃபோனில் சிக்னல் இல்லை. கைவிரல் மரத்து, பல் தந்தியடித்து, இனி நின்றால் கால் வைக்கிற இடம் தெரியாது என்ற நேரம் வரை இருந்தார். பிறகு இறங்கினார். தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி இறங்குகிறோமே என்ற எரிச்சல் வேறு.

கீழே ரோட்டைத் தொட்டதும் ஃபோனுக்கு உயிர் வந்தது. ரெமீஜோவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி அடித்தது. சாக்குச் சொல்லக் கூப்பிடுகிறான், வீட்டில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிறான் என்று நினைத்தார். ஃபோனை அணைத்துப் பையில் போட்டார்.

மறுநாள் காலையில் ஃபோனைத் திறந்த உடனே அழைப்பு வந்தது.

"தூலியோ! நல்லாயிருக்கியாய்யா? கேளு, நான்…"

"நீ வரல."

"நான் அங்கதான்யா இருந்தேன். இருட்டுற வரைக்கும்…"

"நான் இருந்தேன். நீ இல்ல. உடம்பு வணங்கலன்னா வணங்கலன்னு சொல்லு. எதுக்குப் பொய்? பொய்யன்கூட எனக்குப் பேச்சு கிடையாது."

அவ்வளவுதான். அந்த எண்ணிலிருந்து அழைப்பே வராதபடி ஃபோனில் பூட்டுப் போட்டுவிட்டார். வாத்தியாருக்குப் போட்ட அதே பூட்டு.

அதற்குப் பிறகு அவர் பட்டதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்தால்தானே? ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் சும்மா இருக்காது. ஏதாவது ஒரு கணவாய்க்குச் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போவார். முதல் ஆளும் அவரே, கடைசி ஆளும் அவரே. காபி கலந்தால் இரண்டு பேருக்கு ஆகிவிடும். மிச்சத்தைப் புல்லில் கொட்டுவார். எதிர்ப்பக்கச் சரிவைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்வார், பிறகு திரும்பிப் பார்ப்பார். இறங்கும்போது தன் ஊர்ப் பத்திரிகையையே சட்டைக்குள் செருகிக்கொள்வார். அதில் படிக்க ஒன்றும் இல்லை. இவ்வளவு வயதுக்கு மேல் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காக ஏங்குவது வெட்கக்கேடு என்று தன்னையே திட்டிக்கொள்வார். ஏக்கம் திட்டுக்குப் பயப்படுமா என்ன?

இந்தச் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஊரில் காபி பார் நடத்தும் தொரீனா அவர் முன்னால் காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"என்ன தூலியோ, வர வர முகத்துல ஈயாடல. அந்தப் பக்கத்து ஆளு என்ன ஆனாரு?"

"செத்துட்டான்னு வெச்சுக்க."

"நிஜமாவா?"

"எனக்கு."

"அடப் பாவி மனுசா! நல்ல வார்த்தை வருதா பாரு வாயில. சண்டை போட்டவங்க யாரும் சேர்ந்துக்கறதே இல்லையா?"

"சண்டை இல்ல தொரீனா. அவன் என்னைப் பனியில உக்கார வெச்சுட்டு வீட்ல இருந்தான். அதைவிட, இருந்தேன்னு பொய் சொன்னான். அதான் தாங்கல."

"நீ போய்ப் பார்த்தியா, அவரு வீட்ல இருந்தாருன்னு?"

காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அந்த முடிவுக்கு வந்தார். வெர்சா ஒன்றுதான் பாக்கி. அது பாக்கி இருப்பதால்தான் இந்த அரிப்பு. நாளைக்குத் தனியாகப் போய், நின்று, முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். ரெமீஜோ என்று ஒருவன் இருந்ததையே அதோடு கை கழுவிவிட வேண்டும்.

ஞாயிறு காலை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காட்டு ரோடு வரை ஓட்டினார். அதற்கு மேல் சைக்கிளைத் தோளில் ஏற்றினார். இந்த ஒரு வருடத்தில் சைக்கிள் கனத்துவிட்டதா, தோள் இளைத்துவிட்டதா தெரியவில்லை. புதர் தீர்ந்தது, புல் தீர்ந்தது, உடைந்த கல்லாகவே ஏறியது பாதை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். போன வருடம் உட்கார்ந்த அதே பள்ளத்துக்கு வந்து சைக்கிளைக் கீழே வைத்தார். "முடிஞ்சுது," என்று உரக்கச் சொன்னார். சொன்ன பிறகும் ஒன்றும் முடிந்த மாதிரி இல்லை.

அப்போதுதான் வலது பக்கம் பார்த்தார்.

பள்ளத்தின் ஓரத்தில் ஒரு பாறை மேடு எழுந்து நின்றது. பனியில் அதை மலையின் சுவர் என்று நினைத்திருந்தார். சுவர் இல்லை. யானை முதுகு மாதிரி எழும்பி, அந்தப் பக்கம் இறங்குகிறது. அந்தப் பக்கமும் வெளிச்சம் தெரிந்தது. சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுக் கையும் காலுமாக அந்த மேட்டில் ஏறினார்.

மேட்டுக்கு அப்பால் இன்னொரு பள்ளம் இருந்தது. பிசாக்கா பக்கத்துப் பாதை நேராக அதில்தான் வந்து ஏறியது. இவருடைய பள்ளத்துக்கு வரவே இல்லை. வரைபடத்தில் ஒற்றைக் கோடாகப் போட்டிருந்த வெர்சா, மண்ணில் இரண்டு வாயாக இருந்தது. தோர்னாக்காரன் ஏறினால் ஒரு வாய், பிசாக்காக்காரன் ஏறினால் இன்னொரு வாய். கல்லை விட்டெறிந்தால் விழுகிற தூரம். இந்த மலையை இப்படி வேலை மெனக்கெட்டு இரண்டு பக்கமிருந்தும் ஏறுகிற இரண்டு பைத்தியங்களைத் தவிர வேறு யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வந்திருக்காது.

அந்தப் பள்ளத்தின் நடுவில் யாரோ கற்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கற்களுக்கு அடியில் மஞ்சளாக என்னவோ தெரிந்தது.

தூலியோ கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ரெமீஜோவின் மழைக்கோட்டு. இடது கையில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய ஒட்டு, இவர் ஒட்டிக் கொடுத்ததுதான். அதற்குள் சுற்றிக் காபிக் கெண்டி, பக்கத்தில் சிவப்பு விளிம்பு வைத்த தகரக் குவளை. அது தூலியோவின் குவளை, ரெமீஜோ சுமந்து வருவது. கெண்டியைத் திறந்தார். அடியில் காபி காய்ந்து கறுப்பாகப் பிடித்திருந்தது. ஒருவர் குடிக்கும் அளவு.

அந்தக் குளிரில் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பின்னால் வருகிறவனுக்கு வேண்டும் என்று.

அந்த மனிதர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார். பஸ் டிரைவர் தூலியோ, மனைவி பெட்டியோடு வாசல் தாண்டியபோது அழாதவர், ஒரு கிழிந்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊளையிட்டு அழுதார். கேட்க யாரும் இல்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

அழுது முடித்து ஃபோனை எடுத்தார். இந்தப் பள்ளத்தில் பிசாக்கா பக்கத்துச் சிக்னல் கிடைத்தது. பூட்டை எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது. மணி நெடுநேரம் அடித்தது.

"ம்."

"ரெமீஜோ."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நான்தான். தூலியோ."

"தெரியுது. எருமை மூச்சு கேக்குதே."

"வெர்சாவுல இருக்கேன். உன் மழைக்கோட்டைப் பார்த்தேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "எலி தின்னுடுச்சா?"

"ஒரு கையைத் தின்னுடுச்சு."

"ஒட்டுப் போட்ட கையா?"

"இல்ல. நல்ல கை."

"பின்ன? நீ ஒட்டினதை எலிகூடத் தொடாது."

தூலியோ பாறை மேட்டைத் திரும்பிப் பார்த்தார். "இங்க ரெண்டு பள்ளம் இருக்கு. நடுவுல ஒரு பாறை. நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன், நீ இந்தப் பக்கம்…"

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"என்னைத் தூக்கிட்டுப் போனவங்க சொன்னாங்க."

"எதுக்குத் தூக்கினாங்க?"

ரெமீஜோ பெருமூச்சு விட்டான். "அன்னிக்கு உன் ஃபோன் ஒரு தடவை அடிச்சுது. அப்புறம் செத்துப்போச்சு. ஆளு எங்கயோ விழுந்துட்டான், ஃபோனும் உடைஞ்சிருக்குன்னு நினைச்சேன். கோட்டையும் காபியையும் வெச்சுட்டு உன் பக்கமா இறங்கித் தேடினேன். பாதை ஏது அங்க? கல்லு சறுக்கிடுச்சு. முட்டி போச்சு. எங்க ஊர் பேப்பர்ல போட்டோவோட வந்துச்சுய்யா. நீதான் வரி விடாம படிக்கிறவனாச்சே."

அந்த வாரத்திலிருந்துதான் பிசாக்கா பத்திரிகை தூலியோவின் கைக்கு வராமல் போனது.

"மறுநாள் நீ கூப்பிட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து. நீ உயிரோட இருக்கியான்னு கேக்க."

"நான் ஃபோனை அணைச்சேன் ரெமீஜோ. அது உடையல. நான்தான் அணைச்சேன். கோவத்துல."

"அதுவும் தெரியும். உன்னைத் தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன்யா சொல்லல? ரெண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாமே!"

"பொய்யன்னு சொன்னவனுக்கு எவன் எழுதுவான்? எனக்கும் வீம்பு உண்டு. நீ மட்டும்தான் குத்தகைக்கு எடுத்திருக்கியா? ஒரு வருஷம்யா. ஒரு முழு வருஷம். ஞாயித்துக்கிழமை ஆனா ஜன்னலண்ட உக்காந்து மலையைப் பார்ப்பேன். பாவி, ஒரு தடவை எடுத்திருந்தா நான் இறங்கியே இருக்க மாட்டேன்."

"வா நீ. இப்பவே கிளம்பு. எவ்வளவு நேரமானாலும் சரி, நீ வர்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து இறங்க மாட்டேன்."

"முட்டியில கம்பி வெச்சிருக்கு. மாடி ஏறவே கைப்பிடி வேணும். சைக்கிளை அக்கா பையனுக்குக் குடுத்துட்டேன். இனிமே நான் எந்த மலைக்கும் வர்றதா இல்ல தூலியோ."

தூலியோ எழுந்து நின்று பார்த்தார். கீழே தூரத்தில் கோபுரம் தெரிந்தது, அதற்கு இடது பக்கம் பச்சையாக ஒரு கூரை.

"அப்ப இது கணக்குல சேராதா?" என்றார் தூலியோ. அந்த வயதில் அப்படிக் கேட்க வெட்கமாக இல்லை அவருக்கு.

"யாரு சொன்னது? கடைசி ஆள் வர்ற வரைக்கும் யாரும் நகரக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீதானே? நான் நகரல. போன வருஷத்துலேர்ந்து இங்கயே, இந்த ஜன்னலண்டயே உக்காந்திருக்கேன். கடைசி ஆள் நீதான்யா. வந்து சேரு."

தூலியோ கோட்டின் மிஞ்சிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பேப்பர் வெச்சிருக்கியா?" என்றான் ரெமீஜோ.

நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். ஏறும்போதே செருகிக்கொண்ட தோர்னா பத்திரிகை வேர்வையில் ஓரம் நனைந்திருந்தது. "இருக்கு."

"நனைச்சுடாதே. ஒரு வருஷமா உங்க ஊர்க் கழுதைங்க சேதி எதுவும் தெரியாம கிடக்கேன்."

மேடு தாண்டிப் போய்ச் சைக்கிளை எடுத்து வந்தார். கெண்டியையும் குவளையையும் கோட்டில் சுற்றிச் சைக்கிளில் கட்டினார். பத்திரிகையைச் சட்டைக்குள்ளிருந்து உருவி, மடித்து, பையின் அடியில் ஈரம் படாத இடத்தில் வைத்தார். சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாழ்நாளில் இறங்காத பக்கமாக இறங்க ஆரம்பித்தார். கல் தீர்ந்து பாதை வந்ததும் ஏறி உட்கார்ந்தார். இறக்கம் முழுக்கக் காற்று வெறும் மார்பில் வந்து அறைந்தது. பத்திரிகையை அவர் வெளியே எடுக்கவில்லை. அது ரெமீஜோவுடையது.